உற்றவள் சொல்

2021 டிசம்பர் 17ஆம் தேதி இரவு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்ப்பவர்கள். பெரும்பாலோருக்கு இருபதை ஒட்டிய வயது. மார்கழி பிறந்திருந்தது. துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு தார்ச்சாலையின் குளிரில் விடியும்வரை இருந்தார்கள். லாரிகள் பல கிலோமீட்டர் தூரத்துக்கு நின்றன. அவர்கள் கூலி உயர்வு கேட்கவில்லை, போனஸ் கேட்கவில்லை. ‘எங்களோடு சாப்பிட்டவர்கள் எங்கே’ என்று கேட்டார்கள்.

இரண்டு நாட்களுக்கு முன்பு பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் சாப்பிட்ட பெண்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இன்னும் நூறு பேர் அளவில் வெளிநோயாளிகளாகச் சிகிச்சை பெற்றார்கள். யார் எங்கே சேர்க்கப்பட்டிருக்கிறார், யார் தேறினார், யாருக்கு என்ன என்று அறைத்தோழிகளுக்குச் சொல்ல ஆளில்லை. சொல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்தது. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் விளக்கினார்கள். அது உண்மை. ஆனால் அந்த உண்மையை ஒருவர் முதல் நாளே விடுதிக்கு வந்து சொல்லியிருந்தால் நெடுஞ்சாலை நின்றிருக்காது. பெண்கள் பலரைக் காவல்துறை பிடித்து வைத்து, பிறகு விட்டது. மாத இறுதியில் ஆப்பிள் நிறுவனம், தொழிலாளர் தங்கும் இடங்களும் உணவுக்கூடங்களும் தன் அளவுகோலுக்கு உட்பட்டவையாக இல்லை என்று ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12 அன்று திறந்தது. விடுதியில் பெண்கள் தரையில் நெருக்கியடித்துப் படுத்திருந்ததும், சில கழிப்பறைகளில் தண்ணீர் வராததும் அதன் பிறகுதான் உலகச் செய்தி ஆயின. அந்தப் பெண்களுக்கு அது செய்தி இல்லை.

நாளிதழ்கள் இதைச் ‘சாலை மறியல்’ என்று எழுதின. தொழிற்சங்க வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு தொழிலாளர் போராட்டமாகப் பதிவார்கள். இரண்டும் தவறில்லை. எனக்கு அது மருத்துவ வரலாற்றில் சேர வேண்டிய ஒரு இரவாகப் படுகிறது. நோயுற்றவர்களும் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து, எங்கள் உடம்பில் நடப்பதை எங்களுக்குச் சொல், நாங்கள் சொல்வதையும் கேள் என்று நின்ற இரவு.

நான் தமிழ் நடத்துகிறவள். முதலாண்டு மாணவர்களுக்குத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நடத்த வேண்டியிருக்கும். அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. நோயுற்றவன், தீர்க்கிறவன், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்கிறவன். மருத்துவன் இரண்டாமிடத்தில்தான் வருகிறான். முதலிடம் நோயுற்றவனுக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரரான பரிமேலழகர் இந்த நால்வகைக்கும் தலா நான்கு குணங்கள் எண்ணுகிறார். நோயாளிக்கு அவர் கேட்கும் தகுதிகளில் ஒன்று பணம். இன்னொன்று மருத்துவன் சொற்படி நடத்தல். மற்றொன்று மருந்தின் துன்பத்தைப் பொறுத்தல். இவற்றுக்கு நடுவே, தன் நோயின் நிலையை எடுத்துச் சொல்லும் வல்லமையும் இருக்கிறது. இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவேன். சொல்லவும் வேண்டும், சொற்படி நடக்கவும் வேண்டும். ஒரே மூச்சில் இரண்டும். மருத்துவனுக்கு அவர் எண்ணும் நான்கில் அஞ்சாமை இருக்கிறது, கல்வி இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, மனத்தூய்மை இருக்கிறது. செவிமடுத்தல் என்று தனியாக ஒன்று இல்லை. அதற்கு முந்தைய குறள் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் பார்க்கச் சொல்கிறது என்பதால் வள்ளுவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டு ஆண்டு ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் லைனில் நின்றுவிட்டு, சேர்த்த பணத்தில் படிக்க வந்த மாணவி ஒருத்தி அந்த வகுப்பில் கேட்டாள்: “எடுத்துச் சொல்றதுக்கு நாங்க ரெடிதான் மேம். எந்த வார்த்தையில சொல்றது?”

அவள் கேட்டது சொற்களைப் பற்றி. லைனில் நிற்கும் பெண் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அவள் இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். வரும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். போகவே வேண்டாம் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். பிறகு நீர்க்கடுப்பு வருகிறது. அதை மருத்துவரிடம் ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று சொல்கிறார்கள். மருத்துவர் அதைக் கிராமத்து நம்பிக்கையாகக் கேட்டுக்கொண்டு, ‘தண்ணி நிறைய குடிம்மா’ என்கிறார். அறிவுரை சரிதான். ஆனால் அவள் ஏன் குடிக்கவில்லை என்ற கேள்விக்குள் அவர் போகவே இல்லை. ‘சூடு’ என்ற சொல்லில் தண்ணீர், நேரம், ரிலீவர், சூப்பர்வைசர் எல்லாம் மடிந்து கிடக்கின்றன. பிரிப்பதற்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். வெளிநோயாளி வரிசையில் அந்த இரண்டு நிமிடம் இல்லை. வெள்ளைப்படுதலுக்கும் இதே கதிதான். மாதவிலக்கு வலிக்கு ‘வயித்து வலி’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிடைத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். தமிழ்நாட்டுப் பின்னலாடை, பஞ்சாலைப் பெண்களுக்கு மாதவிலக்கு வலிக்கென்று பெயர்கூட ஒட்டாத மாத்திரைகளை ஆலைக்குள்ளேயே கொடுத்துவந்ததை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். கொடுத்தவர்கள் பலர் மருத்துவம் படித்தவர்களும் அல்லர். வலியைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லாமல் மாத்திரை வந்தது. ஷிஃப்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

நோயாளி தன் பேச்சால் மருத்துவத்தை மாற்றியது உண்டா என்று தேடினால், நம் பக்கத்தில் முதலில் கிடைப்பது பேச்சு அல்ல, ஒரு மறுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராசில் ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட மறுத்த பெண்கள். அந்த மறுப்பின் எதிரொலியாகத்தான் 1875இல் மதராஸ் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முதலில் சேர்ந்த நால்வரில் ஒருவரான மேரி ஷார்லீப் லண்டன் போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885இல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கக் காரணமானார். திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று இன்றும் ஆட்டோக்காரர்கள் சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அது. பாடநூல்கள் இதை ஷார்லீபின் கருணையாகவும் விக்டோரியா ராணியின் ஆசியாகவும் சொல்கின்றன. வராத நோயாளிகள்தான் அந்தக் கட்டடத்தை எழுப்பினார்கள் என்று நான் சொல்வேன். ஆனால் அதன் பழைய முழுப்பெயரைப் பார்க்க வேண்டும்: ‘சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான’ மருத்துவமனை. ‘சாதிப் பெண்கள்’ என்றால் சாதி இந்துப் பெண்கள். யாருடைய கூச்சம் அரசின் காதுக்கு எட்டியது, யாருடையது எட்டவில்லை என்பது அந்தப் பெயரிலேயே எழுதியிருக்கிறது.

அதே காலத்தில் ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்துக்கொண்டிருந்தவள் மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் சாதிப் பெண். ‘மருத்துவர்’ என்பதன் பெண்பால் அதுதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் ஸ்டெதாஸ்கோப் நினைவுக்கு வராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவிலியர், தாதியர் பதிவுச் சட்டங்கள் வந்தபோது அவள் பயிற்றுவிக்கப்பட வேண்டியவள் ஆனாள், பிறகு ஒழிக்கப்பட வேண்டியவள் ஆனாள். அவள் கையில் சுத்தக் குறைவு இருந்தது, சாவுகள் நடந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்ததை எழுதி எடுத்துக்கொள்ள ஒருவரும் உட்காரவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. முன்பு செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூரும் அதில்தான். இந்த மண்ணின் ஜனங்கள் உலக மருத்துவத்தை ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள். அது இங்கே யாருக்கும் தெரியாது.

காசநோய் என்றால் சானடோரியம் என்று இருந்த காலம். 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வுமாக ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அவர்களுடைய நெருக்கடியான வீட்டிலேயே அதே மருந்து. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் தேறினார்கள். கூட இருந்தவர்களுக்கும் தொற்று கூடுதலாகப் பரவவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடத் தொடங்கியதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். நல்ல செய்தி. அறிவியல் இதை மருந்தின் வெற்றி என்கிறது. நான் ‘வீடு’ என்ற சொல்லில் நிற்கிறேன். வீட்டுச் சிகிச்சை என்றால் மாத்திரை நேரத்தை நினைவில் வைத்தது யார்? சளிக் கிண்ணத்தைக் கழுவியது யார்? புருஷன் வேலைக்குப் போகாத ஓராண்டில் அடுப்பு எரியவைத்தது யார்? குறளின் நான்காவது ஆள், அருகிலிருப்பவன், இங்கே பெரும்பாலும் அருகிலிருப்பவள். அவள் பங்கு ஆய்வின் அட்டவணையில் ஒரு நிரலாகக்கூட இல்லை.

அடுத்தது பிசிஜி. 1968இல் திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து பெரும் தடுப்பூசிச் சோதனையைத் தொடங்கின. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கை நீட்டினார்கள். சிலருக்கு பிசிஜி, சிலருக்கு வெறும் நீர்மம். யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, போட்டவர்களுக்கும் தெரியாது. 1979 வாக்கில் வந்த முடிவு எல்லாரையும் திகைக்கவைத்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை. குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து காப்பதற்கே அது இன்று போடப்படுகிறது. பிசிஜி பற்றிய எந்த மருத்துவ நூலிலும் ‘செங்கல்பட்டுச் சோதனை’ என்ற பெயர் வரும். மாவட்டத்தின் பெயர் வந்துவிட்டது. முடிவை அந்த ஊர்களில் திண்ணையில் உட்கார்ந்து யாராவது சொன்னார்களா என்பதற்கு அந்த நூல்களில் இடமில்லை. ஆய்வுக்கு உடம்பு தந்தவர்களிடம் ஆய்வின் முடிவைத் திருப்பித் தருவது ஒரு கடமை என்ற எண்ணமே அன்றைய மருத்துவ ஒழுங்கில் வேரூன்றியிருக்கவில்லை.

இதே மாவட்டத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. இதை நான் சற்று மரியாதையோடு சொல்கிறேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் தன்னார்வ சுகாதாரப் பணி அமைப்பைத் தொடங்கினார். அடையாறுக்கு அப்பால் தரமணியில் இருக்கும் வி.எச்.எஸ். மருத்துவமனை அதனுடையது. குடும்பங்கள் வருமானத்துக்குத் தகுந்தபடி ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும், பதிலுக்கு மருத்துவம். இலவசமாகக் கொடுத்தால் கேள்வி கேட்க மாட்டார்கள், காசு கட்டினால் கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. பிறகு சென்னைக்குத் தெற்கே ஊர்களில் சிறு சுகாதார மையங்களை அமைத்தார்கள். ஏறக்குறைய ஐயாயிரம் பேருக்கு ஒரு மையம். பகுதிநேர மருத்துவர் ஒருவர், ஆணும் பெண்ணுமாகச் சுகாதாரப் பணியாளர்கள், அவர்களுக்குக் கீழே ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் அந்தந்தத் தெருவிலேயே இருக்கும் முதலுதவியாளர்கள். படிக்காதவர்களும் அவர்களில் உண்டு. தமிழ்நாடு அரசும் இந்த மாதிரியைக் கொஞ்ச காலம் எடுத்துச் செய்துபார்த்தது. 1978இல் அல்மா ஆட்டா மாநாடு, தம் மருத்துவத்தைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று உலகத்துக்கு அறிவிப்பதற்கு முன்பே இங்கே முதலுதவியாளர்கள் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள்.

ஆனாலும் இந்தத் திட்டங்களின் குழுக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊர்க் குழு என்றால் யார் என்பது ஊருக்குத் தெரியும். பஞ்சாயத்துத் தலைவர், ரேஷன் கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். கிராமங்களில் சுகாதாரக் குழுக்கள் வேண்டும் என்று 1946இல் போர் குழு அறிக்கை எழுதியதிலிருந்து இது மாறவில்லை. தெருவில் நடந்தவள் மேலிருந்து மாத்திரையைக் கீழே கொண்டுபோனாள். கீழே கேட்டதை மேலே கொண்டுவர அவளுக்குப் படிக்கட்டு இருந்ததா என்பதே எனக்குக் கேள்வி. 2007க்குப் பிறகு தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் மக்கள் கண்காணிப்பு என்று ஒன்றைச் சில மாநிலங்களில் முயன்றார்கள். தமிழ்நாட்டில் தேர்ந்த மாவட்டங்களில் திருவள்ளூரும் ஒன்று. ஊரே உட்கார்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மதிப்பெண் போட்டது. நர்ஸ் வந்தாரா, பிரசவத்துக்குப் பணம் கேட்டார்களா, மருந்து இருந்ததா. படிக்கத் தெரியாதவர்களுக்கும் நிறம் புரியும். அது படிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்த முயற்சி. அரசு மருத்துவமனைகளில் இன்று நோயாளர் நலச் சங்கம் என்று பலகை இருக்கிறது. அதில் நோயாளர் யார் என்று நான் கேட்ட இடங்களில் சிரித்தார்கள்.

தொழிற்பேட்டைக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். ஏரிப் பாசன ஊர்கள் பத்துப் பதினைந்து ஆண்டில் ஷிஃப்டு ஊர்கள் ஆயின. வயலில் கூலி வேலை பார்த்தவளுக்கு ஊர் மருத்துவச்சியோ, கைராசிக்கார டாக்டரோ இருந்தார். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரத்திலிருந்து விடுதிக்கு வந்தவளுக்கு ஒரு அட்டை இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை.

அந்த அட்டைக்குப் பின்னால் நல்ல வரலாறு உண்டு. 1944இல் பி. பி. அடார்க்கர் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் அது. தொழிலாளியும் முதலாளியும் சந்தா கட்டுகிறார்கள். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு கூலியில் 0.75 விழுக்காடு. பதினைந்தாயிரம் வாங்கும் பெண் மாதம் 112 ரூபாய் 50 காசு கட்டுகிறாள். அதனால் அவள் அங்கே தர்மத்துக்கு வரும் நோயாளி அல்ல, சந்தாதாரர். கழகத்தின் மேல்மட்டத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் வைத்திருக்கிறது சட்டம். மண்டல வாரியம் உண்டு. அதற்கும் கீழே உள்ளூர்க் குழு என்று ஒன்று உண்டு. மருத்துவ அலுவலரும் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தப் பகுதி மருந்தகத்தின் குறைகளைப் பேச வேண்டிய இடம். இதைப் பற்றி நான் கேட்ட பெண்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. பிரதிநிதி சங்கத்திலிருந்து வர வேண்டும். சங்கத்துக்கு இங்கே எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன என்பதை 2024இல் ஒரு மாதத்துக்கு மேல் நீண்ட சாம்சங் வேலைநிறுத்தம் காட்டியது. சங்கத்தைப் பதிவுசெய்யவே அங்கே போராட வேண்டியிருந்தது. பெண்களோ ஒப்பந்தத்தில் வந்து, பல நேரம் இரண்டு மூன்று ஆண்டில் ஊர் திரும்புகிறவர்கள்.

சந்தா கட்டியவர்கள் மருத்துவரை ஆண்ட கதை உலகத்தில் உண்டு. வேல்ஸ் நாட்டில் ட்ரெடிகர் என்ற சுரங்க ஊரில் 1890 முதல் தொழிலாளர்கள் கூலியில் ஒரு பங்கைப் போட்டு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். மருத்துவரை அமர்த்தியது அவர்கள் குழு. அந்த ஊர் மருத்துவமனைக் குழுவில் இருந்த சுரங்கத் தொழிலாளி அனூரின் பெவன்தான் பின்னாளில் சுகாதார அமைச்சராகி 1948இல் பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணியை உருவாக்கினார். அதிலும் ஒரு வேடிக்கை. பணி தேசியமானதும் ஊர்க் குழுக்களின் கை தளர்ந்தது. 1972இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்து பெரின்ஸ்ஃபீல்டில் பீட்டர் பிரிட்சர்ட் என்ற பொதுமருத்துவர் தன் நோயாளிகளையே கூட்டி உட்காரவைத்து, என் மருத்துவமனையை எப்படி நடத்தலாம் என்று கேட்க வேண்டியதாயிற்று. நோயாளர் பங்கேற்புக் குழுக்கள் அப்படித்தான் அங்கே தொடங்கின. அரசு எடுத்துக்கொண்டதை மக்கள் திரும்பக் கேட்டு வாங்க இருபத்து நான்கு ஆண்டு பிடித்தது. ட்ரெடிகர் குழு மேசையைச் சுற்றி இருந்தவர்களும் ஆண்கள்தான் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நம்மிடமே ஒரு கதை இருக்கிறது. சத்தீஸ்கரில் தல்லி ராஜ்ஹரா. பிலாய் உருக்காலைக்கு இரும்புத் தாது தோண்டிய ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆலைக்குப் பெரிய மருத்துவமனை இருந்தது. ஒப்பந்தக்காரர்களுக்கு அதில் உரிமை இல்லை. எழுபதுகளின் இறுதியில் அவர்கள் சங்கத்தின் துணைத்தலைவி குசும்பாய் பிரசவத்தில், வேண்டிய சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். சங்கத் தலைவிக்கே இந்த நிலை என்ற கோபத்தில், சொந்தமாக மருத்துவமனை கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். 1977இல் துப்பாக்கிச் சூட்டில் இறந்த தோழர்களின் நினைவாக 1983 ஜூன் 3 அன்று ஷஹீத் மருத்துவமனை திறந்தது. சங்கர் குஹா நியோகி தலைவராக இருந்த சங்கம் அது. கல் சுமந்து கட்டியவர்கள் தொழிலாளர்கள், பணம் போட்டவர்களும் அவர்கள். ஷிஃப்டு முடிந்து வந்து நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டார்கள். பினாயக் சென் போன்ற மருத்துவர்கள் அந்தத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து முடிவுகளை எடுத்தார்கள். அங்கே வயிற்றுப்போக்குக்கு முதலில் பாட்டில் ஏற்றவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கற்றுக்கொடுத்தார்கள். தேவையில்லாத ஊசிக்கும் டானிக்குக்கும் எதிராகத் தொழிலாளர் குடியிருப்புகளில் பிரச்சாரம் செய்தார்கள். நோயாளிகள் கையில் அதிகாரம் போனால் ஊசியும் குளுக்கோஸும்தான் கேட்பார்கள் என்று சொல்கிற மருத்துவர்களுக்கு நான் தல்லி ராஜ்ஹராவைச் சொல்வேன். நம் கூடலூரில் 1990இலிருந்து ஆதிவாசிகள் தமக்கென்று நடத்திவரும் மருத்துவமனையையும் சொல்வேன். அங்கே செவிலியராக நிற்பவர்கள் அந்தக் குடியிருப்புகளின் பெண்கள்.

பெண்கள் தம் உடம்பைப் பற்றித் தாமே எழுதிக்கொண்டதும் நடந்திருக்கிறது. 1973இல் பாஸ்டன் பெண்கள் குழு வெளியிட்ட புத்தகத்தை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது ராஜஸ்தான் கிராமத்துப் பெண்கள் எழுபத்தைந்து பேர் சேர்ந்து உருவாக்கிய ‘சரீர் கீ ஜான்காரி’. எண்பதுகளின் இறுதியில் காலி ஃபார் விமன் பதிப்பகம் அதை அச்சிட்டது. முதல் வரைவில் நிர்வாணப் படங்கள் இருந்தன. எங்கள் ஊரில் இப்படி யாரும் நிற்பதில்லையே என்றார்களாம் கிராமத்தினர். பிறகு பாவாடையும் முக்காடும் போட்ட படத்தில் ஒரு மடிப்பு வைத்தார்கள். தூக்கிப் பார்த்தால் உள்ளே உடம்பின் படம். இந்த மடிப்பைக் கண்டுபிடிக்க எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை. அந்தப் பெண்கள் மேசையில் இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

மறுபடியும் அந்த இரவுக்கு. அப்போது நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டப்படி, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவகம் இருக்க வேண்டும். அதை நடத்தும் குழுவில் தொழிலாளர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்கும் அதே பிரிவில் வழி இருக்கிறது. அதாவது சாம்பாரைப் பற்றி வாய் திறக்க ஒரு நாற்காலி இருக்கிறது. ஆனால் நோய் வந்தது ஆலையின் சாப்பாட்டில் அல்ல. விடுதிச் சாப்பாட்டில். விடுதி ஆலையின் வாசலுக்கு வெளியே, ஒப்பந்தக்காரர்கள் கையில். அங்கே சமைப்பது யாருக்காக என்றால் ஆலைக்காக. சட்டம் கேட்டால் யாருக்காகவும் அல்ல. பெண்கள் விடுதிகளை முறைப்படுத்த 2014இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. பதிவு, உரிமம், வார்டன், காவலாளி. விடுதி என்றாலே நமக்குப் பெண் எத்தனை மணிக்கு உள்ளே வந்தாள் என்பதுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. அவள் என்ன சாப்பிட்டாள் என்பது பிறகு.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 18,720 படுக்கைகள். வெளியிலிருந்து பார்த்தேன். தரையில் படுத்த காலத்தோடு ஒப்பிட்டால் நிச்சயம் முன்னேற்றம், அதைச் சொல்லத் தயக்கமில்லை. ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகை அங்கே, ஏறக்குறைய அத்தனையும் இளம் பெண்கள். அத்தனை பேரும் ஒரே நாளில் ஒரே மாதிரிச் சாப்பிடுகிறார்கள். அந்தச் சமையலறையின் குழுவில் அவர்களில் எத்தனை பேருக்கு இடம் என்பதை அடுத்த முறை விருந்தினராகப் போகும் அதிகாரி யாராவது கேட்டுவர வேண்டும்.

1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்தபோது தண்ணீர்க் குழாயைக் கண்டுபிடித்தவர் ஜான் ஸ்நோ என்று பொதுச் சுகாதாரப் பாடம் சொல்கிறது. அந்தக் கதையில் இன்னும் இருவர் உண்டு. ஹென்றி வைட்ஹெட் என்ற அந்தப் பகுதிப் பாதிரியார், மருத்துவர் அல்லர். வீடு வீடாகப் போய்ப் பேசியவர். அப்படிப் பேசியதில், காலரா பரவும் முன்பே நோய் கண்டு இறந்த ஒரு கைக்குழந்தையின் தாயைச் சந்தித்தார். குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டு முன்னால் இருந்த கழிவுக்குழியில் கொட்டியதாக அவள் சொன்னாள். குழி, கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. நோய் எங்கிருந்து தண்ணீருக்குள் வந்தது என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது.

இதை வகுப்பில் சொன்ன மறுநாள், அந்த மாணவி ஒரு காலண்டர் தாளைக் கொண்டுவந்தாள். மளிகைக் கடை கொடுத்த மாதக் காலண்டர், மேலே வள்ளி தெய்வானையோடு முருகன். அவள் லைனில் இருந்தபோது அறையில் எட்டுப் பேர். மாதக் கடைசியில் அடிக்கடி வயிறு கெட்டது. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பேனாவால் எழுதியிருந்தார்கள். வா என்றால் வாந்தி, பே என்றால் பேதி, கா என்றால் காய்ச்சல். பக்கத்தில் ஆளின் முதலெழுத்து. கீழே பொடி எழுத்தில் அன்றைக்குச் சாப்பிட்டது. பதினோரு நாள் எழுதியதும் அவர்களுக்கே தெரிந்துவிட்டது: நைட் ஷிஃப்டு போகிறவர்களுக்கு மட்டும் வருகிறது. நைட் ஷிஃப்டுக்காரர்களுக்குச் சாப்பாட்டைச் சாயங்காலம் நாலு மணிக்கே கட்டிவைத்துவிடுவார்கள். அவர்கள் பிரிப்பது நள்ளிரவு தாண்டி.

தாளைக் கிழித்து ஒரு மருந்தகத்துக்கு எடுத்துப்போனார்கள். டாக்டர் வாங்கித் திருப்பிப் பார்த்து, முருகன் படத்தை மடிக்காதீங்கம்மா என்று கொடுத்துவிட்டு, எட்டுப் பேருக்கும் ஒரே மாத்திரை எழுதினாராம்.

“அப்புறம்?” என்றேன்.

“அடுத்த மாசத் தாள்லயும் எழுதினோம் மேம்,” என்றாள். பையிலிருந்து அதையும் எடுத்தாள். அதில் மூன்றாவது வாரத்திலிருந்து கட்டங்கள் வெறுமையாக இருந்தன. சாப்பாட்டைக் கட்டும் நேரத்தை மாற்றிவிட்டார்களா என்று கேட்டேன். இல்லை, நைட் ஷிஃப்டு போகிற நாலு பேரும் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, பிஸ்கட்டும் டீயுமாக ஓட்டினார்களாம்.